மருந்து மூடிக் குச்சி ஐஸ்

என் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன். "தம்பி புராணம் ஆரம்பிச்சாச்சா?" என்று என் வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொள்ளட்டும். அவருடைய தம்பியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவருக்கு ஒன்றும் கிடையாது, அதற்கு நான் என்ன செய்ய?

தம்பி பெயின்டர். படம் வரைகிற பெயின்டர் இல்லை. சுவர், கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி. அவன் வாயில் 'முடியாது' என்ற வார்த்தையை யாரும் கேட்டது கிடையாது. மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் சரி. வீட்டுக்காரம்மா இரண்டு கோட் பெயின்ட்டுக்குப் பேசிவிட்டு மூன்றாவது கோட்டும் அடிக்கச் சொன்னால் அதற்கும் சரி. பக்கத்து வீட்டுக்காரர் தன் சைக்கிளுக்கு மிச்ச பெயின்ட் கேட்டால், பெயின்ட்டையும் கொடுத்து அடித்தும் கொடுத்துவிட்டு வருவான். வேலை செய்கிற இடத்தில் அவனுக்குப் பெயரே தலையாட்டி. அவனை எல்லாரையும்விட அதிகமாக வேலை வாங்கியது நான்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அக்கா என்றால் அப்படித்தான்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவன் கொஞ்சம் நிமிர்ந்து பேசுவான். வீட்டுக்காரர்கள் நிறம் தேர்ந்தெடுக்கும்போது, சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு நாலைந்து இடத்தில் தீற்றிக் காட்டுவான். அவர்கள் உடனே, இது அடர்த்தி, அது வெளுப்பு என்று ஆரம்பிப்பார்கள். "ஈரத்துல பார்த்து முடிவு பண்ணாதீங்க. காயட்டும். நாளைக்குப் பார்த்துச் சொல்லுங்க" என்று டப்பாவை மூடிவிடுவான். அவ்வளவுதான் அவனுடைய வீரம்.

நான் அவனுக்கு நேர் எதிர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை எனக்கு. டிக்கெட் எடுக்காதவனை முழியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். இந்த வேலையில் குரல் பெரிதாகிவிடும், பொறுமை சின்னதாகிவிடும். தம்பி பெண்டாட்டி கூரியர் ஆபீஸில் பார்சல் பதிவு செய்கிறாள். சரியான வாயாடி. பார்சல் கட்ட வருகிறவர்களின் குடும்பக் கதை பூராவும் அவளுக்கு அத்துப்படி. சாயந்திரம் வீட்டுக்கு வந்து அவள் பேசப் பேச, இவன் தலையாட்டிக்கொண்டே காய் நறுக்குவான். பொருத்தம் என்றால் அது பொருத்தம்.

கல்யாணமாகி ரொம்ப வருஷம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு, ஒருநாள் கரு தங்கியது. தம்பி எனக்குப் போன் செய்து "அக்கா" என்றான். அதற்கு மேல் பேச்சே வரவில்லை. நான்தான் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

அந்த சந்தோஷம் மூன்று வாரம்கூட நிற்கவில்லை. வாந்தி ஆரம்பித்தது. எல்லாப் பெண்களுக்கும் வருகிற வாந்திதானே என்று நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன். இது அந்த ரகம் இல்லை. சோறு கொதிக்கிற வாசனை ஆகவில்லை. சோப்பு வாசனை ஆகவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஓடினாள். கட்டின புருஷன் பக்கத்தில் வந்தாலே குமட்டியது, ஏனென்றால் அவன் மேல் பெயின்ட்டில் கலக்கிற தின்னர் வாசனை. அவன் வேலை நடக்கிற வீட்டிலேயே குளித்து, சட்டையை மாற்றி, பழைய சட்டையைப் பையில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போவான். அப்படியும் வாசலிலிருந்தே, "ஆகுதா? வரலாமா?" என்று கேட்பான். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தால்தான் உள்ளே காலை வைப்பான்.

தண்ணீர்கூட உள்ளே நிற்காமல் போனதும் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். "அடுத்த புதன்கிழமை எடை பார்ப்போம். இன்னும் குறைஞ்சிருந்தா மறுபடி அட்மிட் பண்ண வேண்டியிருக்கும். எவ்வளவு நாள்னு சொல்ல முடியாது. ஏதாவது ஒண்ணு, கொஞ்சமாவது உள்ள போகணும்மா."

நான் லீவு போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்து இறங்கினேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, மொட்டை மாடிக்குப் போகிற ஒடுக்கமான படி. கட்டிலில் படுத்திருந்தவளைப் பார்த்து எனக்கே திக்கென்றது. வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. அந்த வாயாடி பேசவே இல்லை. நான் தலையைத் தடவிக்கொடுத்தபோது, சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, என்னால முடியல. வேணாம்னு சொல்லிடலாமான்னு தோணுது."

எது வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் தம்பி நிற்கிறான், கையில் கழுவின வாளி. அவன் காதிலும் விழுந்திருந்தது. வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். நான் பின்னாலேயே போனேன். அழுவான், தேற்றலாம் என்றுதான் போனேன். அவன் அழவில்லை.

"ஆஸ்பத்திரியில நர்ஸ் ஒரு ஐஸ் துண்டு குடுத்தாங்கக்கா. வாயில போட்டுக்கிட்டா. அது ஒண்ணுதான் வெளிய வரல" என்றான்.

"அதுக்கு?"

"ஐஸ் நிக்குதுன்னா, ஐஸுக்குள்ள சாப்பாட்டை ஒளிச்சு வச்சுடலாம்ல?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், நாங்கள் செய்துகொண்டிருந்த எதையும்விட அதில் புத்தி இருந்தது.

அன்றைக்கே தயிரும் பழமும் வாங்கி வந்தான். தயிரைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டான்; தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வெண்ணெய் மாதிரி கெட்டியானது. பெயின்ட் கட்டி வடிகட்ட நைலான் வலைத் துணி வாங்குவானே, அதில் புதிதாக ஒன்று பிரித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, அதில் ஆரஞ்சுச் சாற்றை வடிகட்டினான். ஒரு நார், ஒரு கொட்டை இல்லை. தயிரையும் சாற்றையும் தேனையும் சேர்த்து, கரண்டியை ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கலக்கினான். பார்க்கவே அழகாக இருந்தது.

பிறகுதான் எங்கள் சபை கூடியது. நான் ஒரு கரண்டி ருசி பார்த்தேன். "ஐயோ, திகட்டுது. வாந்தி எடுக்கிற பொண்ணுக்கு இவ்வளவு தேனா?" என்றேன். சரிக்கா என்று இன்னும் கொஞ்சம் தயிர் சேர்த்தான். மாடி வீட்டம்மா எட்டிப் பார்த்து, இனிப்பு போதும் போதும், இன்னும் குறைக்கலாம் என்றார். சரிங்கம்மா என்று தண்ணீர் ஊற்றினான். அவன் மாமியார் தினமும் போனில் நிலவரம் கேட்பவர். புளிப்பு ஆகாது மாப்பிள்ளை, சாற்றைக் குறையுங்கள் என்றார். அதற்கும் சரிங்க அத்தை. கடைசியில் ருசி பார்த்தபோது எல்லாருக்கும் திருப்தி. டம்ளர்களில் ஊற்றி, குச்சி செருகி, ஃப்ரீசரில் வைத்தான்.

மறுநாள் காலை எடுத்தால் கருங்கல். டம்ளரை வெந்நீரில் முக்கித்தான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. அவள் எங்களுக்காக எழுந்து உட்கார்ந்து ஒரு பக்கமாக நக்கினாள். முகம் சுருங்கியது.

"தண்ணிதாங்க இருக்கு. தண்ணியில பால் வாடை."

அவ்வளவுதான், ஓடினாள். வெறும் வயிற்றோடு ஓங்கரிக்கிற சத்தம் குளியலறையிலிருந்து கேட்டது. அவள் வந்து படுத்துக்கொண்டு, இனிமேல் எதையும் கொண்டு வராதீர்கள் என்று கை காட்டினாள். புதன்கிழமைக்கு அதிக நாளும் இல்லை.

தம்பி அந்த ஐஸை வீசவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, கடித்துக் கடித்து முழுவதையும் தின்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். தின்று முடித்ததும் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஈரத்துலயே பார்த்துட்டோம்க்கா."

"என்னடா உளர்றே?"

"பெயின்ட்டு ஈரத்துல ஒரு நிறம், காஞ்சா வேற நிறம். இதுவும் அப்படித்தான். குளிர்ல நாக்கு மரத்துப் போயிடுது, நேத்து திகட்டின இனிப்பு இன்னிக்குத் தெரியவே இல்ல. இனிப்பைக் குறைச்சதாலதான் கல்லு மாதிரியும் ஆயிடுச்சு. கலக்கும்போது கூடுதலா தெரியணும். உறைஞ்சா சரியா வரும்."

சொல்லிவிட்டு எழுந்து நேராகப் பழக்கடைக்குப் போனான். வந்து வீட்டிலிருந்த ஸ்பூன் எல்லாவற்றையும் பொறுக்கினான். ஒரு தட்டில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு ஸ்பூனிலும் தயிர் சேர்த்த ஒரு கலவை. ஆரஞ்சில் இரண்டு விதம், ஆப்பிளில் ஒன்று, தர்பூசணியில் ஒன்று, மாதுளையில் இரண்டு. தேன் கூட, தேன் குறைய. பெயின்ட் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டுகிற மாஸ்கிங் டேப்பை ஒவ்வொரு ஸ்பூன் காம்பிலும் ஒட்டி, எது என்ன என்று பென்சிலால் எழுதினான். சுவரில் தீற்றிக் காட்டுவானே, அதே வேலைதான், இடம்தான் வேறு.

இதற்கு நடுவில் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. மனிதர்கள் சாப்பிட வேண்டாமா? நான் அடுப்பைப் பற்றவைத்து வெங்காயத்தை எண்ணெயில் போட்டு வதக்கினேன். கதவை மூடித்தான் வைத்திருந்தேன். இரண்டு அறை வீட்டில் கதவை மூடி என்ன ஆகப்போகிறது? உள்ளே அவள் எழுந்து ஓடுகிற சத்தம் கேட்டது.

தம்பி சமையலறைக்குள் வந்தான். அடுப்பை அணைத்தான். வாணலியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் வைத்துவிட்டு வந்தான்.

"இனிமே இந்த வீட்ல அடுப்பு எரியக் கூடாது."

"அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்றதாம்?"

"கடையில வாங்கிக்கலாம். மாடியில உக்காந்து சாப்பிட்டு, வாயைக் கொப்புளிச்சுட்டு இறங்கலாம்."

"நான் என்ன வேலை வெட்டி இல்லாமலா வந்திருக்கேன்? சமைச்சுப் போடத்தானேடா லீவு போட்டுட்டு வந்தேன்? கொஞ்சமா வதக்கிக்கறேன், ஜன்னலைத் திறந்து வச்சு..."

"முடியாதுக்கா."

"என்ன சொன்னே?"

"முடியாது. சமைக்கத்தான் வந்தேன்னா லீவைக் கேன்சல் பண்ணிட்டு வேலைக்குப் போ. அவகூட இருக்கறதுக்குன்னா இரு. அப்புறம், இதை யாரும் ருசி பார்க்க வேணாம். நீயும் வேணாம், மாடி வீட்டம்மாவும் வேணாம், அத்தையும் போன்ல யோசனை சொல்ல வேணாம். சாப்பிடப் போறவ அவ. அவ மட்டும் பார்க்கட்டும்."

என் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டின மாதிரி நின்றேன். எத்தனை கண்டக்டர்களை மிரட்டி, எத்தனை வாய்ச் சவடால்காரர்களை நடு ரோட்டில் இறக்கிவிட்டவள் நான். என்னை ஒருவன், அதுவும் இவன், வேலைக்குப் போ என்கிறான். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறின கோபம் திட்டாக வெளியே வருவதற்குள் குளியலறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. அவள் சிரிக்கிறாள். வாந்தி எடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அண்ணி, உங்களையே சொல்லிட்டாரா!" என்றாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு அது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கு மார்பெல்லாம் பெருமையாக இருந்தது. ஆனாலும் கெத்தை விடக் கூடாது என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

அன்றைக்கு மேஸ்திரியும் மாட்டிக்கொண்டார். புது வீட்டு வேலை, உடனே வா என்று போன். "வரமாட்டேன் மேஸ்திரி. புதன்கிழமை கழிச்சுப் பேசுங்க" என்றான் இவன்.  எதிர்ப்பக்கத்திலிருந்து மேஸ்திரி, "யாருப்பா பேசறது?" என்று கேட்டாராம்.

ஸ்பூன்கள் உறைந்ததும் தட்டோடு கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தான். கலவைகளின் பெயரைச் சொல்லவில்லை, ஆசை காட்டவில்லை, கொஞ்சம் சாப்பிடும்மா என்று கெஞ்சவும் இல்லை. அதெல்லாம் நாங்கள் செய்து செய்து அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. "பிடிக்கலன்னா வச்சிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளிப்போய்த் தரையில் உட்கார்ந்தான். ஆரஞ்சை நாக்கால் தொட்டு வைத்தாள். தர்பூசணியை வைத்தாள். ஆப்பிளுக்கு மூக்கைச் சுளித்தாள். தேன் கூடுதலாகப் போட்ட மாதுளையை வாயில் வைத்தவள், வெளியே எடுக்கவில்லை. ஸ்பூனைச் சப்பியபடி யோசித்தாள்.

"என்னங்க, இதுல வாசனையே இல்ல."

"குளிர்ந்ததுல வாசனை எழும்பாது" என்றான் தம்பி. 

நாங்கள் இருவரும் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எழவில்லை. வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்து கிளப்பிக்கொண்டு போனார்கள். அப்போதும் எழவில்லை. ஸ்பூனைத் திருப்பி அடிப்பக்கத்தையும் நக்கினாள். பிறகு, தட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

சாப்பாடு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள், வாய்விட்டுக் கேட்கிறாள். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன். மாடிப்படியில் நின்று அழுதேன். மாடி வீட்டம்மா பயந்துபோய் இறங்கி வந்து, என்னம்மா ஆச்சு என்று கேட்க, "இன்னொண்ணு கேக்கறா, இன்னொண்ணு கேக்கறா" என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது முழுக்க என் தம்பி ராஜ்ஜியம். டம்ளர் பெரிது, பாதி சாப்பிடுவதற்குள் உருகி வாசனை வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தான். சிரப் பாட்டில் மேலே மருந்து அளக்க மூடி ஒன்று கவிழ்த்திருக்குமே, வீடு வீடாகக் கேட்டு அதைச் சேகரித்தான். ஒவ்வொன்றையும் கொதிக்கவைத்துக் கழுவினான். மூடி நிறைய ஊற்றி, வாய்க்கு மேலே மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டி, நடுவில் பிளேடால் கீறி, அதில் குச்சியைச் செருகினான். குச்சி நட்டுக்குத்தலாக நின்றது. எடுக்கும்போது வெந்நீர் கிடையாது. மூடியை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொள்வான், கைச்சூட்டில் தானாகக் கழன்று வரும். ஒரு மூடி ஐஸ், இரண்டு வாய்தான். முகம் சுளிக்க நேரம் இருக்காது.

இரண்டு நாள் அது நின்றதும், ஒளித்து வைக்கிற வேலையை ஆரம்பித்தான். ஊறவைத்த பேரீச்சம்பழத்தை மைய அரைத்து, தேனுக்குப் பதிலாகக் கலந்தான். தோல் உரித்த பாதாமை அரைத்துத் துணியில் பிழிந்து தயிரோடு சேர்த்தான். எதையும் ஒரேயடியாகச் சேர்க்க மாட்டான். முதலில் ஒரு ஸ்பூனில் உறையவைத்து அவளிடம் காட்டி, அவள் சரி என்றால்தான் மூடிக்குப் போகும். ஒருநாள் அவள், "இன்னிக்கு என்னவோ கூட இருக்கே?" என்று கண்ணைச் சுருக்கினாள். "பாதாம். பிடிக்கலன்னா சொல்லு, எடுத்துடறேன்" என்றான். அவள் யோசித்துவிட்டு, "இருக்கட்டும்" என்றாள். நானும் மாடி வீட்டம்மாவும் மொட்டை மாடியில் கடை ரொட்டியைத் தின்றுகொண்டு, கீழே அவன் அதிகாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு வேலை மூடி கழுவுவது. ஒரு மூடியில் தயிர் ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்தான். நானும் திரும்பக் கழுவினேன்.

வாந்தி நின்றுவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் எடுத்தாள், சில நாள் சாயந்திரமும் எடுத்தாள். ஆனால் எடுத்து முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, ஃப்ரீசரைப் பார்த்தபடி கை நீட்டுவாள். பேச்சும் மெதுவாகத் திரும்ப வந்தது. கூரியர் ஆபீஸில் ஒரு பெண்மணி தன் மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு அவருக்கே புடவை பார்சல் அனுப்பிய கதையை, பாதியில் விட்டிருந்ததை, எனக்கு முழுசாகச் சொன்னாள்.

புதன்கிழமை மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் தம்பி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். எடை பார்க்கிற மெஷின் டாக்டர் அறைக்கு உள்ளேயே இருந்தது. அவள் செருப்பைக் கழற்றினாள், வளையலைக்கூடக் கழற்றப் போனாள். "அது இருக்கட்டும்மா, ஏறு" என்று நான் அதட்டினேன். ஏறி நின்றாள். நர்ஸ் குனிந்து பார்த்தார், போன தடவை எழுதிய எண்ணையும் பார்த்தார், திரும்பவும் குனிந்து பார்த்தார். என் தம்பி கதவோரம் நின்று, கையில் இருந்த டோக்கன் சீட்டைச் சுருட்டிச் சுருட்டி நூலாக்கியிருந்தான்.

"குறையல டாக்டர். கொஞ்சம் ஏறியிருக்கு" என்றார் நர்ஸ்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "நல்லா சமாளிச்சிருக்கே. இப்ப அட்மிட் பண்ணித்தான் ஆகணும்னு இல்ல. ஆனா இன்னும் சில வாரம் கஷ்டம் இருக்கும். வீட்ல பயமா இருந்தா, தெம்பு இல்லன்னா, இன்னிக்கே பெட் தர்றேன். தயங்காம சொல்லு. உன் இஷ்டம்தான்."

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அபூர்வம் அது. தம்பியும் பேசவில்லை. அவள்தான் சொல்ல வேண்டும், எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டு, வேணாம்னு சொல்லிடலாமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டவள் அவள்தானே.

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வேணாம் டாக்டர். நாங்க வீட்டுக்குப் போறோம்" என்றாள். "எங்க ரெண்டு பேருக்கும் ஃப்ரீசர்ல சாப்பாடு இருக்கு. அவரு செஞ்சு வச்சிருக்காரு."

எங்க ரெண்டு பேருக்கும் என்றால் யார் யார் என்று தம்பிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவன் அந்தக் கதவோரத்திலேயே, நர்ஸும் டாக்டரும் பார்க்க, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.